தாள் முழுக்கச் சிவப்பு மை: தமிழ்க் கட்டுரையில் பிழையை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

"கொஞ்சம் பிழை மட்டும் பாத்துக் குடுங்க" என்று ஒரு கட்டுரை கைக்கு வந்ததும் நாம் செய்கிற முதல் வேலை பேனாவைத் திறப்பது. அந்தப் பேனாவைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வார இறுதியில் தமிழ் வகுப்பு எடுப்பவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு உதவுபவர்கள், தம்பி தங்கையின் கல்லூரிக் கட்டுரையைப் பார்த்துக் கொடுப்பவர்கள், இவர்கள்தான் மனதில் இருக்கிறார்கள். தாளில் என்ன தெரிகிறது, அது எதனால் வந்திருக்கும், எப்படிச் சோதிப்பது, அப்புறம் என்ன செய்வது என்ற போக்கில் போகும். ஒரே பிழை இரண்டு பேர் தாளில் இரண்டு வேறு காரணத்தால் வந்திருக்கும். காரணம் தெரியாமல் திருத்துவது எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது மாதிரி, அன்றைக்குக் குறையும், அடுத்த வாரம் திரும்ப வரும்.

அறிகுறி: வரிக்கு இரண்டு பிழை, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை

எதையும் குறிக்காமல் ஒரு முறை கடைசி வரை படித்துவிடுங்கள். எந்த இடத்தில் நின்று, திரும்ப ஒரு தடவை படிக்க வேண்டியிருந்ததோ அந்த இடங்களை மட்டும் நினைவில் வையுங்கள். "வாழைபழம்" என்று நடுவில் 'ப்' என்ற ஒற்று இல்லாமல் எழுதியிருந்தால் கண் உறுத்தும், ஆனால் பொருள் புரிந்துவிட்டது. யார் யாருக்குப் பணம் கொடுத்தார் என்றே தெரியாத வாக்கியம் ஒன்று அதே பத்தியில் இருந்தால் அதுதான் முதலில். பொருளைக் கெடுக்கிற பிழை, அடிக்கடி வருகிற பிழை, மற்றதெல்லாம் என்ற வரிசை போதும். மூன்றாவது வகையைத் தொடவே நேரம் வராமல் போகலாம், பரவாயில்லை.

அடுத்து, எழுதியவரையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண் தாளில் இருக்கட்டும், காது அவர் வாயில் இருக்கட்டும். தாளில் தப்பாக இருப்பதை அவர் தன்னையறியாமல் சரியாகவே படித்துவிட்டுப் போவார், அது கைதவறல், விதி அவருக்குத் தெரியும். தப்பாக இருப்பதைத் தயக்கமே இல்லாமல் அப்படியே படித்தால் அது தெரியாமல் எழுதியது. முதல் வகைக்குப் பாடம் நடத்துவது வீண். இரண்டாவது வகையை வெறுமனே சுழித்துவிட்டுப் போவதும் வீண்தான்.

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு எழுத்து கற்பித்த ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983இல் ஒரு முறையை எழுதினார். வரியில் பிழை இருந்தால் அந்தச் சொல்லைத் தொடாமல் ஓரத்தில் ஒரு சின்னக் குறி மட்டும் போடுவது, இரண்டு பிழை இருந்தால் இரண்டு குறி, எது பிழை என்பதை மாணவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிழைகளை மாணவர்களே திருத்திவிட்டார்கள். மிச்சம் நிற்கிறதே, அதுதான் உட்கார்ந்து பேச வேண்டிய பகுதி. தமிழுக்கும் இது நன்றாகவே பொருந்தும். ஆனால் ஒரு வரிக்கு நாலைந்து குறி விழுகிற அளவு தாளாக இருந்தால் ஒரே ஒரு பத்திக்கு மட்டும் செய்யுங்கள், இல்லையென்றால் ஓரம் முழுக்கக் கறுத்து, எழுதிய பிள்ளை தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடும்.

அறிகுறி: க், ச், த், ப் கண்ட இடத்தில் இருக்கிறது, வேண்டிய இடத்தில் இல்லை

இதில் இரண்டு விதமான ஆட்கள் உண்டு. ஒருவர் எங்குமே ஒற்று போடமாட்டார்: "பாடத்தை படித்து", "வீட்டுக்கு போனேன்", "அந்த பையன்". இன்னொருவர் எல்லா இடத்திலும் போடுவார்: "வந்தப் பையன்", "பெரியப் பிரச்சினை", "என்னுடையப் புத்தகம்". முதலாமவருக்கு விதி தெரியாது. இரண்டாமவருக்குப் பாதி விதி தெரியும், அதை எல்லா இடத்துக்கும் நீட்டிவிட்டார். இரண்டாமவர் முன்னேறிக்கொண்டிருக்கிற ஆள் என்பதை மறந்துவிட்டு அவரைத்தான் நாம் அதிகம் திட்டுகிறோம்.

போடாதவரிடம் நன்னூல் புணரியலை, அதாவது சொல்லோடு சொல் சேரும் விதிகளைச் சொல்கிற பழைய இலக்கணப் பகுதியைத் திறக்காதீர்கள். மூன்று இடம் போதும். 'ஐ' உருபு வெளிப்படையாக வந்த சொல்லுக்குப் பின் (பாடத்தைப் படித்து), 'கு' உருபுக்குப் பின் (வீட்டுக்குப் போனேன்), அந்த இந்த எந்த, அப்படி இப்படி எப்படி ஆகியவற்றுக்குப் பின் (அந்தப் பையன், எப்படிச் சொல்வது). அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால்தான் இதெல்லாம். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய பழைய கட்டுரை ஒன்றை அவரையே திருத்தச் சொன்னால், தாளில் இருந்த ஒற்றுப்பிழையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

எல்லா இடத்திலும் போடுபவர் ஏன் போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். "அந்தப் பையன் சரின்னா வந்தப் பையனும் சரிதானே?" என்பார். நியாயமான கேள்வி, இரண்டும் 'ந்த' என்றுதான் முடிகின்றன. அந்த என்பது சுட்டு, வந்த என்பது பெயரெச்சம், பெயரெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது என்று சொன்னால் தலையாட்டுவார், ஆனால் கலைச்சொல் மறுநாள் மறந்துபோகும். ஒரு சோதனை சொல்லிக் கொடுங்கள்: அந்தச் சொல்லுக்குள் ஒரு செயல் இருக்கிறதா? வந்த, படித்த, சொன்ன என்றால் இருக்கிறது, அப்படியானால் ஒற்று வேண்டாம். பெரிய, நல்ல, புதிய மாதிரி குணம் சொல்கிறவற்றுக்கும் வேண்டாம். இதிலேயே அவருடைய பிழையில் முக்கால்வாசி போய்விடும்.

அதற்கு மேல் கேட்கிறவர்களுக்கு இன்னொன்று. "படித்துக் காட்டினான்" ஆனால் "செய்து காட்டினான்", "கேட்டுச் சொன்னான்" ஆனால் "வந்து சொன்னான்". உகரத்தில் முடிகிற வினையெச்சத்தில், அதாவது படித்து, வந்து மாதிரி முடியாமல் நிற்கிற வினையில், கடைசி எழுத்துக்கு முன்னால் வல்லின மெய் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படித்து, கேட்டு, விற்று ஆகியவற்றில் த், ட், ற் நிற்கின்றன, ஆகவே ஒற்று மிகும். வந்து என்பதில் ந், செய்து என்பதில் ய், மிகாது. வன்தொடர்க் குற்றியலுகரம் என்ற பெயரைக் கேட்டுப் பயந்தவர்கள்கூட இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள்.

நாவி மாதிரி சந்திப்பிழையை, அதாவது ஒற்றுப்பிழையைக் காட்டுகிற மென்பொருள் இருக்கிறதே, அதில் போட்டு எடுத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும், பெரும்பாலான இடத்தில் நன்றாகவே காட்டிக் கொடுக்கும். ஆனால் "வேலை கொடு", "வேலைக் கொடு" இரண்டும் சரியான தமிழ்தான். ஒன்று உத்தியோகம் கேட்கிறது, இன்னொன்று முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறது. எது வேண்டும் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

அறிகுறி: "முயற்ச்சி", "பயிற்ச்சி", "அதற்க்கு", "கட்ச்சி"

இது சீக்கிரம் தீர்கிற நோய். ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து புள்ளியோடு வராது. முயற்சி, பயிற்சி, அதற்கு, கட்சி, அவ்வளவுதான். வளர்ச்சியையும் மகிழ்ச்சியையும் பார்த்துப் பழகிய கை இங்கேயும் ச் போடுகிறது. ர், ழ், ய் ஆகியவற்றுக்குப் பின் வரலாம், ற், ட் பின்னால் கூடாது. ஒரு முறை சொல்லிவிட்டு, தாளில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று அவரையே தேடச் சொல்லுங்கள்.

அறிகுறி: ல ள ழ, ன ண ந, ர ற எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது

முதல் கேள்வி: கையால் எழுதியதா, கைபேசியில் தட்டியதா? தட்டியது என்றால் பாதிப் பழியை விசைப்பலகை மேல் போடுங்கள். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கிற ஒலிபெயர்ப்பு முறையில் தட்டும்போது விசைப்பலகை காட்டுகிற முதல் சொல்லை அப்படியே தொட்டுவிடுகிறோம், பள்ளி பல்லி ஆகிவிடுகிறது. நாலு வரியைக் கையால் எழுதச் சொல்லிப் பாருங்கள். கையெழுத்தில் சரியாக வந்தால் இலக்கணப் பாடம் தேவையில்லை, அனுப்பும் முன் ஒரு தடவை படித்துப் பார்க்கிற பழக்கம்தான் தேவை.

கையெழுத்திலும் அப்படியே வந்தால் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். அவர் வாயில் ழகரமும் ளகரமும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்றால், "உச்சரித்துப் பாரு தெரியும்" என்பது பயனில்லாத அறிவுரை. அவருக்குக் காது உதவாது, கண்தான் உதவும். கண்ணுக்கு விதி இருக்கிற இடத்தில் விதியைக் கொடுங்கள்: ட வரிசைக்கு முன் ண் (வண்டி), த வரிசைக்கு முன் ந் (பந்து), ற வரிசைக்கு முன் ன் (கன்று). ர் இரட்டிக்காது, எனவே காற்று, நேற்று எல்லாம் ற்று. சொல்லின் முதலில் ந தான், ன வராது. விதி இல்லாத இடத்தில், அதாவது வாழை, வாளை, வாலை மாதிரி இடங்களில், சொல்லைச் சொல்லாகப் பார்த்துப் பழகுவதைத் தவிர வழியில்லை. அவர் அடிக்கடி தடுக்கி விழுகிற சொற்களை மட்டும் அவரே ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளட்டும், ஊர் உலகத்துச் சொல்லெல்லாம் வேண்டாம்.

அறிகுறி: "மாடுகள் வந்தது", "கருத்துகள் அமைந்துள்ளது"

இங்கேதான் காரணம் பார்ப்பது ரொம்ப முக்கியம். பேச்சில் "மாடுங்க எல்லாம் வந்துச்சு" என்றுதான் சொல்கிறோம், அஃறிணைப் பன்மைக்கு என்று தனி வினைமுற்று நம் வாயில் பெரும்பாலும் வருவதில்லை. அதனால் "வந்தன" என்பது எழுத்துக்கு மட்டும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. ஆனால் இதே பிழை, விதி நன்றாகத் தெரிந்தவர் தாளிலும் வரும்: "இந்த அறிக்கையில் கூறப்பட்டுள்ள கருத்துகள் பெரும்பாலும் நகரத்தில் வாழும் ஒரு குறிப்பிட்ட பிரிவினரின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு அமைந்துள்ளது." எழுவாய் கிளம்பிய இடத்துக்கும் பயனிலை வந்து சேர்ந்த இடத்துக்கும் நடுவே இத்தனை சொல் இருந்தால் எழுவாய் மறந்துபோகும்.

சோதனை: நடுவில் இருப்பதைக் கையால் மறைத்துவிட்டு "கருத்துகள் அமைந்துள்ளது" என்பதை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். உடனே "ஐயோ, அமைந்துள்ளன" என்றால் அவருக்குத் தேவை இலக்கணம் இல்லை, வாக்கியத்தைச் சுருக்குவது. எந்தச் சலனமும் இல்லாமல் "சரியாத்தானே இருக்கு" என்றால், விதியைச் சொல்லிக் கொடுங்கள்.

"ஒவ்வொரு மாணவர்களும்" என்பதும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ஒவ்வொரு என்றாலே ஒருமை, "ஒவ்வொரு மாணவரும்". "அரசு அறிவித்துள்ளனர்" என்று வந்தால் எழுதியவர் மனதில் அமைச்சர்களும் அதிகாரிகளும் நிற்கிறார்கள் என்று அர்த்தம், அரசு என்று எழுதினால் "அறிவித்துள்ளது".

ஒரு எச்சரிக்கை, இது திருத்துகிறவர்களுக்கு. "நாலு மாடு வந்தன" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் 'கள்' எங்கே என்று சுழிக்காதீர்கள். மாடு, மரம், கல் எல்லாம் பால்பகா அஃறிணைப் பெயர், 'கள்' இல்லாமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும். மாடு வந்தது, மாடு வந்தன இரண்டுமே மரபுதான். சரியானதைத் தப்பு என்று ஒரு தடவை சுழித்துவிட்டால் அந்தப் பிள்ளை தன் காதை நம்புவதை நிறுத்திவிடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது ஒற்றுப்பிழையை விடக் கஷ்டம்.

அறிகுறி: வாக்கியம் அரைப் பக்கம் ஓடுகிறது, யார் என்ன செய்தார் என்று தெரியவில்லை

"கதவைத் திறந்து பூனை வெளியே ஓடியது." எழுதியவர் மனதில் திறந்தது அவர், ஓடியது பூனை. தாளில் இருப்பதோ தானே கதவைத் திறந்துகொண்டு போன கெட்டிக்காரப் பூனை. திறந்து, வந்து, செய்து என்று நிற்கிற வினையெச்சத்தை, கடைசியில் வருகிற வினைமுற்று யாருடையதோ அவருடைய செயலாகத்தான் பொதுவாகப் படிப்போம். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்பதில் பெய்தது ஒன்று நிறைந்தது ஒன்று, ஆனாலும் ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக இருப்பதால் இடறுவதில்லை, இலக்கணமும் ஏற்றுக்கொள்கிறது. அதையும் சேர்த்துச் சுழிக்க வேண்டாம்.

இப்போது பெரியதாக ஒன்று: "நான் காலையில் எழுந்து குளித்து பஸ் நிறுத்தத்துக்குப் போய் பஸ் வராமல் நண்பன் வண்டியில் வந்து ஏறிக்கொண்டு பள்ளிக்குப் போனால் மணி அடித்து ஆசிரியர் திட்டினார்." இதை நாம் உட்கார்ந்து அழகாக மாற்றி எழுதிக் கொடுத்தால் அழகாகத்தான் இருக்கும், எழுதிய பிள்ளைக்கு ஒன்றும் சேராது. ஒவ்வொரு வினைக்கும் கீழே கோடு போடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "யாரு?" என்று மட்டும் கேளுங்கள். எழுந்து, நான். குளித்து, நான். போய், நான். வராமல், பஸ். வந்து, நண்பன். ஏறிக்கொண்டு, நான். போனால், நான். அடித்து, மணி. திட்டினார், ஆசிரியர். பதில் மாறுகிற இடத்தில் எல்லாம் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டில் இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: முற்றுப்புள்ளி வைப்பது, அல்லது எச்சத்தை மாற்றுவது. பஸ் வராததால், நண்பன் வந்ததும், மணி அடித்திருந்தது. எதை எங்கே செய்வது என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் "யாரு?" கேட்பதோடு நிறுத்துங்கள். இந்த ஒரு கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ளப் பழகிய பிள்ளைகள் அடுத்த கட்டுரையில் நம்மைத் தேடி வருவதே குறைகிறது.

அதே கோடு போட்டுப் பார்த்தபின் எல்லாவற்றுக்கும் "நான், நான், நான்" என்றே பதில் வந்தால் வாக்கியம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தமிழ் எச்சத்தை அடுக்கி நீளமாகப் போவதைத் தாங்குகிற மொழி. நீளமாகத் தெரிந்ததை எல்லாம் நறுக்கிப் போடுகிற பழக்கம் திருத்துகிறவர்களிடம் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை.

இன்னொரு வகை: "நேற்று ஊரிலிருந்து வந்த ஆசிரியரின் மகன் பேசினான்." வந்தது ஆசிரியரா, மகனா? உங்களுக்கு ஒரு ஊகம் இருக்கும், அந்த ஊகத்தை வைத்துத் திருத்தாதீர்கள். கேளுங்கள். மகன் என்றால் "ஆசிரியரின் மகன் நேற்று ஊரிலிருந்து வந்திருந்தான், அவன் பேசினான்" என்று அவரே சொல்லிவிடுவார்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் தமிழ் மாதிரி இல்லை

"இந்தத் திட்டமானது மாணவர்களால் வெற்றிகரமாக முடிக்கப்பட்டதாகக் காணப்படுகிறது." எந்தச் சொல்லையும் சுழிக்க முடியாது. இப்படி எழுதுகிறவர் பெரும்பாலும் ஆங்கிலப் பாடப்புத்தகத்தையோ அரசு அறிவிப்பையோ முன்னால் வைத்து எழுதுகிறார், அல்லது கட்டுரை என்றாலே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறார். தாளை மூடச் சொல்லிவிட்டு "என்ன சொல்ல வந்த?" என்று கேளுங்கள். "பசங்க திட்டத்தை நல்லா முடிச்சிட்டாங்க" என்பார். அதை அப்படியே எழுத்து வழக்குக்கு மாற்றினால் "மாணவர்கள் திட்டத்தை நன்றாக முடித்துவிட்டார்கள்". அவ்வளவுதான் வேலை.

அறிகுறி: "கதைத்தோம்", "பாவித்தேன்", "விளங்கவில்லை"

இது பிழையே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து இணையவழி வகுப்பு எடுக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் ஈழத்துக் குடும்பத்துப் பிள்ளை "நண்பனோடு கதைத்தேன்" என்று எழுதினால் அது அந்த வீட்டின் நல்ல தமிழ். பாவித்தேன் என்றால் பயன்படுத்தினேன். டொராண்டோவை ரொறன்ரோ என்று எழுதுவதும் அவர்கள் முறைதான். "பேசினேன்" என்று மாற்றச் சொல்ல உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. ஒரே கட்டுரையில் "வந்துட்டாங்க" என்றும் "சென்றனர்" என்றும் கலந்து வந்தால் அது வேறு விஷயம், அங்கே எந்த நடை வேண்டும் என்று கேட்கலாம்.

அறிகுறி: போன வாரம் திருத்திய அதே பிழை இந்த வாரமும்

அப்படியென்றால் திருத்தியது நீங்கள், அவர் பார்த்து எழுதினார். பிழை திருத்துவதால் பயன் உண்டா என்பதே பெரிய சண்டை. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்களின் இலக்கணப் பிழையைத் திருத்துவதையே கைவிட வேண்டும் என்று ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதினார், அப்படிச் சொல்லிவிட முடியாது என்று டானா ஃபெரிஸ் 1999இல் பதில் எழுதினார், அது அதோடு முடியவும் இல்லை. என் அனுபவத்தில், எல்லாப் பிழையையும் ஒரே நாளில் தொட்டால் எதுவும் ஒட்டாது. ஒரு வாரம் ஒற்று மட்டும், அடுத்த வாரம் ஒருமை பன்மை மட்டும். மற்றது கண்ணில் பட்டாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டமான பகுதி.

"நாளைக்கே குடுக்கணும், நீங்களே சரி பண்ணிடுங்க அண்ணா" என்று வந்தால்? வேலைக்கான விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்றால் பேசாமல் திருத்திக் கொடுத்துவிடுங்கள், அங்கே யாரும் கற்றுக்கொள்ள வரவில்லை. மதிப்பெண்ணுக்கு எழுதும் கட்டுரை என்றால் முதல் பத்தியை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், மிச்சத்தை அதே மாதிரி அவரே இரவோடு இரவாகப் பார்க்கட்டும்.

அறிகுறி: ஒரு பிழைகூட இல்லை

போன வாரம் "அதற்க்கு" எழுதிய ஆள் இந்த வாரம் வழுவழுப்பாக எழுதிக்கொண்டு வந்தால் குற்றம் சாட்டாதீர்கள். ஒரு வாக்கியத்தைக் காட்டி "இதை வேற மாதிரி சொல்லேன்" என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் சந்தோஷம். சொல்ல முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த வாக்கியம், அதை ஓரமாக வைத்துவிட்டு அவர் வாயிலிருந்து வந்ததை எழுதச் சொல்லித் தொடங்க வேண்டியதுதான். பிழையோடு வரும், வரட்டும்.

அறிகுறி: உங்களுக்கே விதி தெரியவில்லை

அடிக்கடி நடக்கும். வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் இரண்டு பக்கமும் நிற்கிற வழக்கு இது, உங்கள் வகுப்பில் தீர்ப்பு சொல்ல வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை முழுக்க அதையே எழுதச் சொல்லுங்கள். செய்து விட்டான், செய்துவிட்டான் என்ற இடைவெளிப் பிரச்சினைக்கும் இதே வழிதான், துணைவினையைச் சேர்த்து எழுதுவது என் பழக்கம், நீங்கள் பிரித்து எழுதினால் எல்லா இடத்திலும் பிரித்து எழுதுங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் என்றால் 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி கையருகில் இருக்கட்டும், அந்தப் பிள்ளையையே புரட்டித் தேடச் சொல்லுங்கள், நீங்கள் தேடிச் சொல்ல வேண்டாம்.